சீசன் முடிந்தபின் ஒரு மறுப்பு

1

இந்த மறுப்பை ஜூன் மாதமே வெளியிட்டிருக்க வேண்டும். நான்கு வரி எழுதியும் வைத்திருந்தேன். யாருக்காக எழுதினேனோ அவரே போனில், "இப்பப் போடாத. சீசன் முடியட்டும், பொறவு போடு" என்று சொல்லிவிட்டார். இப்போது செப்டம்பர் பாதி போய்விட்டது. குற்றாலத்தில் சாரல் நின்று, கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று நேற்று அவரிடமிருந்தே செய்தி வந்தது. கூடவே, "இனி எழுதுனா எழுது" என்று ஒரு வரி. தள்ளிப்போட்டதில் நான்கு வரி இவ்வளவு நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் கோமதி. சொந்த ஊர் தென்காசி. கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். முதியோர் இல்லம் ஒன்றின் அலுவலகத்தில் எனக்குப் பாதி நாள் வேலை. மீதி நேரத்தில், நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கிற 'மத்தியானம்' என்ற இந்தப் பெண்கள் இணைய இதழை நடத்துகிறேன். ஜூனில் இதற்கு ஐந்து வயது முடிந்தது. ஆண்டுவிழா மலர் எங்கே, கொண்டாட்டம் எங்கே என்று சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். கொண்டாடும் நிலையில் நான் இல்லை. அந்த மலரில் வந்த ஒரு கட்டுரைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

2

இதழ் தொடங்கிய புதிதில், "பெண்களே, உங்கள் படைப்புகளை அனுப்புங்கள்" என்று அறிவிப்புப் போட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன். ஒரு கோலமும் இரண்டு துவையல் குறிப்பும் வந்தன. என் சிநேகிதி ஒருத்தி அச்சன்புதூரில் இருக்கிறாள். அவளிடம் புலம்பினேன். "உக்காந்து எழுதுததுக்கு யாருக்கு நேரம் இருக்கு? பேசச் சொல்லு, வண்டி வண்டியாக் கொட்டுவாளுவ" என்றாள். அப்படித்தான் குரல் பதிவாக வாங்கத் தொடங்கினேன். அவர்கள் பேசி அனுப்புவார்கள். நான் கேட்டுக் கேட்டு எழுதி, அவர்களுக்கே திருப்பி அனுப்பி, சரி என்றால் வெளியிடுவேன்.

பதிவுகள் பெரும்பாலும் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்தான் வரும். சாப்பாடு முடிந்து, பாத்திரம் ஒதுக்கி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கிடைக்கிற நேரம். இதழுக்குப் பெயர் வந்தது அதனால்தான். இங்கே அப்போது காலை பத்தரை, பதினொன்று. இல்லத்தின் துணி வெளுக்கும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. இடைவேளையில் அங்கே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். உள்ளே இயந்திரம் கிழவர்களின் படுக்கை விரிப்புகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். காதுக்குள் திருவேங்கடத்துக்காரி ஒருத்தி, தன் நகையை விற்றுப் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் வராத கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எழுதுவது சனிக்கிழமை காலைகளில், மாடிப்படி முறை என்னுடையதாக இருந்தால் அதை முடித்துவிட்டு. நாங்கள் இருக்கும் குடியிருப்பில் வாரம் ஒரு வீட்டுக்காரர் மாடிப்படி கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு மரப் பலகை தொங்கும். முறை முடிந்ததும் அதை எடுத்து அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டால் போதும், பேச்சே தேவையில்லை. வந்த புதிதில் அந்தப் பலகையைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும், ஏதோ தண்டனைச் சீட்டு மாதிரி. இப்போது எரிச்சல் இல்லை. முறை வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

ஐந்து வருடத்தில் என்ன கண்டாய் என்று கேட்டால் அலுப்பைத்தான் கண்டேன் என்று சொல்லத் தோன்றுகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பையனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதும், "இனி வேண்டாங்க்கா, சம்பந்திவீட்டுக்காரங்க பாத்தா நல்லாருக்காது" என்று நின்றுவிடுவார்கள். வெளியான கட்டுரையை ஒரு வாரம் கழித்து எடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை ஒரு கணவர் கூப்பிட்டு, "எம் பொஞ்சாதி என்னய்யப் பத்தி ஏதும் சொல்லிருக்காளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஏன் சொல்லல?" என்று அதற்கும் கோபப்பட்டார். பாதிக் கட்டுரைகளுக்கு மேல் பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடுதான் வரும்.

3

பெயர் விஷயத்தில் இந்த நாட்டுக்காரர்கள் நேர் எதிர். இங்கே இருந்துகொண்டு இப்படி ஒரு தளம் நடத்தினால், அதற்குப் பொறுப்பானவரின் முழுப் பெயரும் வீட்டு முகவரியும் அதில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது இரண்டு வருடம் தெரியாது. யாரோ சொல்லிப் பயந்துபோய், எங்கள் ஊரில் இலவசமாக ஆலோசனை சொல்லும் இடத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் தளத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு எழுத்துப் புரியாவிட்டாலும் பொறுமையாகக் கீழே வரைக்கும் போனாள்.

"இதையெல்லாம் எழுதியவர்கள் யார்?"

"பெண்கள். இந்தியாவில் இருக்கிறார்கள்."

"பெயர்கள்?"

"உண்மைப் பெயர்கள் போடுவதில்லை."

"பயமா?"

அதற்கு ஜெர்மன் மொழியில் எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பயம் என்ற சொல் பேய்க்கும் நாய்க்கும் சரியாக வரும், மாமியாருக்கும் நாத்தனாருக்கும் பொருந்தாது. உறவு என்று சொல்ல நினைத்து, பொருத்தமில்லாமல் விருந்து என்று சொல்லித் தொலைத்தேன். அவள் சிரிக்காமல் தலையசைத்து, "அப்படியானால் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து தளத்தின் அடியில் என் பெயர், என் தெரு, என் கதவு எண் எல்லாம் இருக்கிறது. யார் யாரோ மறைந்துகொண்டு பேசுகிற இடத்தில் ஊருக்கே தெரிந்த பெயர் என்னுடையது மட்டும்தான்.

4

இனி அந்தக் கட்டுரை.

ஏப்ரல் மாதம் ஒரு பெண் பேசி அனுப்பினார். எந்த ஊர் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், ஒருமுறை சூடு பட்டாயிற்று. குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பதிவுகள், மொத்தம் நாற்பது நிமிடம். விஷயம், சீசன் விருந்தாளிகள்.

குற்றாலத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஜூன் மாதம் சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கினால், எங்களுக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று அப்போதுதான் எண்ணித் தெரியும். மதுரை, சென்னை, தூத்துக்குடி என்று வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். லாட்ஜில் தங்கினால் வீட்டுக்காரர்களுக்கு மரியாதைக் குறைவு. ஆகவே வீட்டில்தான் தங்குவார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அகோரப் பசியோடு வருவார்கள். அந்த எண்ணெய்த் துண்டுகளை வீட்டுப் பெண் துவைக்க வேண்டும். சாரலில் எந்தத் துணியும் காயாது. அருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை என்று டி.வி.யில் ஓடினால் வந்தவர்களுக்கு ஏமாற்றம், வீட்டுக்காரிக்கோ அன்று மூன்று வேளையும் முழுப் பந்தி.

அவர் அழாமல், திட்டாமல், கணக்கு ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு இடத்தில், "எங்க வீட்டுக்கு வருதவங்க யாரும் என்னப் பாக்க வரலக்கா. தண்ணியப் பாக்க வருதாங்க. அருவி வத்திட்டுன்னா ஒரு போன் கெடையாது" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு அன்று நான் இடைவேளை முடிந்தும் பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. ஐந்து வருடத்தில் எனக்கு வந்ததிலேயே சிறந்தது இதுதான் என்று தெரிந்துவிட்டது.

கடைசியில், "அக்கா, நான்னு யாருக்கும் தெரியக் கூடாது. எங்க வீட்டுல தெரிஞ்சா அவ்வளவுதான்" என்று கெஞ்சியிருந்தார். வாக்குக் கொடுத்தேன். வழக்கம்போல அடையாளங்களை மாற்றினேன். ஊரைத் தென்காசி ஆக்கினேன். கணவரைப் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக மாற்றினேன். அவர் வீட்டைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டு வேறு வீடு ஒன்றை வைத்தேன். பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், சுவரோரமாகச் சுருட்டி வைத்த பதினாறு பாய்கள், புறவாசலில் ஒரு பக்கம் உடைந்த துவைகல், அரங்குவீடு என்கிற உள்ளறையில் சீசனுக்கு மட்டும் இறக்குகிற பெரிய பித்தளைப் போணி. வந்தவர்களுக்கெல்லாம் அறையைக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதமும் அடுக்களையில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பழைய சேலையை விரித்துப் படுத்துக்கொள்கிற வீட்டுக்காரி. அந்தப் பெண்ணிடம் காட்டியபோது, "இது நானே இல்லியேக்கா, ரொம்ப நல்லாருக்கு" என்றார். அவருக்குச் சந்தோஷம். எனக்குப் பெருமை. கைதேர்ந்த ஆள் என்ற நினைப்பு வேறு.

ஆண்டு மலரில் முதல் கட்டுரையாகப் போட்டேன். இரண்டு நாளில் யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட, ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியது.

5

அடுத்த வாரம் அண்ணன் கூப்பிட்டான். தென்காசியில் எங்கள் வீட்டில் இப்போது அவனும் அவன் மனைவி, என் மதினியும்தான். போலீஸிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. போனை எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏட்டி கோமு, உனக்கு ஏதும் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?"

"என்னண்ணே?"

"நம்ம வீட்டு அடுக்களையத் தூக்கி ஊரு பூராவும் காட்டிட்டு என்னன்னா கேக்க? மதுரை அக்கா அழுதுக்கிட்டே போன் போடுதா. உம்மைனி அவ மூஞ்சில முழிக்க முடியுமாட்டி?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினாறு பாயும் துவைகல்லும் பித்தளைப் போணியும் எங்கள் வீட்டுடையவை. ஒருத்தியை ஒளித்துவைக்க வேண்டும் என்று யோசிக்காமல் கையில் கிடைத்ததை எடுத்துப் போர்த்தியிருக்கிறேன். கிடைத்தது என் மதினியின் சேலை. எழுதியவரோ யாருக்கும் தெரியாத ஆள். இதழின் அடியில் என் பெயர். கட்டுரையில் தென்காசி, போலீஸ் வீடு. எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தைகூட இதைக் கூட்டிப் பார்த்துவிடும்.

மதுரை அக்கா என்பது பெரியம்மாவின் மகள். ஒவ்வொரு ஜூலையும் பதினோரு பேரோடு வந்து ஒரு வாரம் தங்குவாள். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அவள் எழுதியிருந்தாள்: "இத்தனை வருஷம் செண்பகம் மனசுக்குள்ளே இவ்வளவு வச்சிருந்தது எங்களுக்குத் தெரியாது. இனி நாங்கள் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டோம். லாட்ஜில் தங்கிக்கொள்கிறோம்." அதற்குக் கீழே ஒவ்வொருவராகக் கும்பிடு போட்டிருந்தார்கள். தூத்துக்குடிச் சித்தப்பா மட்டும், "சோறு போட்டதைச் சொல்லிக்காட்டலாமா?" என்று கேட்டிருந்தார்.

செண்பகம் என்பதுதான் என் மதினியின் பெயர். அவர் ஒரு வரி எழுதவில்லை, ஒரு வார்த்தை பேசி அனுப்பவில்லை. இதழை வாசித்ததுகூட இல்லை. இருபத்தாறு வருடமாக எல்லோருக்கும் ஆக்கிப்போட்டுச் சம்பாதித்த நல்ல பெயரை நான் ஒரே கட்டுரையில் தொலைத்துவிட்டேன்.

உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம், வேறொருவர் எழுதியது என்று மட்டும் சொல்கிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார். "அக்கா, கும்பிடுதேன். வேற ஆளுன்னு சொன்னா யாருன்னு தோண்டுவாங்க. எங்க மாமியாரே அதை வாசிச்சுட்டு, எவளோ தென்காசிக்காரியாம், திமிரு புடிச்சவன்னு சொல்லிட்டு எங்கிட்டயே காப்பி கேட்டாவ. அப்படியே இருந்துட்டுப் போட்டும்க்கா." (இதை வெளியிடுமுன் அவரிடம் மறுபடி கேட்டேன்; சீசன் முடிந்த பேச்சை இனி யார் தோண்டப் போகிறார்கள், ஊரை மட்டும் சொல்லாதீர்கள் என்று சம்மதித்தார்.)

என் மகள் மது பக்கத்தில் இருந்தாள். பதினைந்து வயது. தமிழ் புரியும், வாசிப்பது தட்டுத் தடுமாறித்தான். நடந்ததைச் சொன்னேன். "அத்தை எழுதலைன்னாலும் அது உண்மைதானே, அம்மா?" என்றாள். பாதி ஜெர்மனில் மேலும் சொன்னாள்: "சின்ன கிளாஸ்ல லீவுக்கு எங்க போனீங்கன்னு படம் வரையச் சொன்னப்போ, நான் ஹோட்டல்னு எழுதினேன், ஞாபகம் இருக்கா? ஓனர் என் அத்தைன்னு. நீ டீச்சர்கிட்ட வந்து திருத்தினே."

இந்தப் பிள்ளை எங்களை விட்டு விலகிப்போகிறாள், ஊர் உறவு எதுவும் ஒட்டவில்லை என்று நான் எத்தனையோ முறை உங்களிடம் அழுதிருக்கிறேன். விலகி நிற்கிறவளுக்குத் தெரிந்தது உள்ளே இருந்த எனக்குத் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். எனக்குத் தெரியும்.

6

மதினியை நேராகக் கூப்பிட இரண்டு நாள் ஆயிற்று. பயம்தான். அண்ணன் வெளியே போகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். மதினியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன், ஊர் வழக்கம் அது.

"மைனி, மன்னிச்சிருங்க. அது வேற ஒருத்தங்க சொன்னது. நான் ஆளை மாத்துதேன்னு நம்ம வீட்ட எழுதிப்புட்டேன். இன்னைக்கே மறுப்பு போட்டுருதேன். எங்க மதினிக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாதுன்னு."

மதினி வேறொன்றைக் கேட்டார்.

"நான் அடுக்களைல படுக்கது அந்தப் பிள்ள சொன்னதா?"

"இல்ல."

"அப்ப உனக்குத் தெரியுமாட்டி?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏதோ கற்பனையாக எழுதினேன், பொருந்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மது ஏழெட்டு வயதாக இருக்கும்போது ஒருநாள் விடிகிற நேரத்தில் அவளுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். அடுக்களையில் சிலிண்டர் ஓரமாக மதினி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நானும் என் பிள்ளையும் அவர் அறையில், அவர் கட்டிலில், அவர் காற்றாடிக்குக் கீழே படுத்திருந்தோம். எழுப்பாமல் தாண்டிப் போய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். காலையில் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தெரியும் மைனி" என்றேன்.

"தெரிஞ்சுமா வருசா வருசம் வந்த?"

எங்கள் பள்ளிகளுக்கு இங்கே ஜூலைக் கடைசியில்தான் கோடை விடுமுறை விடுகிறார்கள். அது நேராகச் சீசன் நடுவில் போய் விழும். வேறு மாதத்தில் வர வழியில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்வேன். ஐந்து வாரம் தங்குவேன். வேலைக்குப் போகிறவள், களைத்து வருகிறவள் என்று என்னை ஒரு பாத்திரம் கழுவ விடமாட்டார்கள். நானும் விடச் சொல்லி மல்லுக்கு நிற்கவில்லை. பட்டாசலில் கணினியைத் திறந்துவைத்துப் பெண்களின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். மதினி சத்தம் போடாமல் பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டுப் போவார். இதையெல்லாம் எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குப் போனில் அழுதேன், அவ்வளவுதான்.

"அழாத, சவத்த விடு" என்றார் மதினி. "நான் சொல்லுதத கேளு. மறுப்பு கிறுப்பு ஒண்ணும் போடாத."

"அக்காவெல்லாம் உங்கள தப்பா நெனைக்காங்க மைனி."

"நெனச்சுட்டுப் போட்டும். மதுரைக்காரி வரமாட்டேன்னுட்டா. தூத்துக்குடிக்காரவளும் வரல. உங்க அண்ணன் ஒருத்தருக்குத்தான் சோறு. இருவத்தாறு வருசத்துல இப்படி ஒரு சீசன் நான் பாத்தது கெடையாது. நீ இப்பப் போயி நான் சொல்லலன்னு எழுதுனன்னு வையி, நாளைக்கே வண்டி போட்டு வந்து எறங்கிருவாளுவ. சீசன் முடியட்டும், பொறவு போடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, குரலை மாற்றாமல் சொன்னார்:

"நீயும் இந்த வருசம் ரூம் போட்டுக்கோட்டி."

"மைனி?"

"கோவத்துல சொல்லல. ஒரு வருசம். பிள்ளையக் கூட்டிட்டு வந்து என்னப் பாரு, பேசிட்டுப் போ. சாப்பாடு மட்டும் வெளிய சாப்ட்டுட்டு வந்துருங்க."

சரி என்று சொன்னேன். என் வீடு என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் என்னைத் தங்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அதுவும் நியாயமாக, கோபமில்லாமல். சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஜூலையில் இன்னொரு முறை பேசினேன். அருவிக்குப் போனீர்களா மைனி என்று ஆசையாகக் கேட்டேன். எனக்குள் ஒரு கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. "அருவிக்கா? அந்தக் கூட்டத்துல எவ போவா?" என்றார். "ஒறங்குதேன். மத்தியானம் ஒறங்குதேன். எந்திச்சு ஒரு காப்பி போட்டுக் குடிச்சிட்டு திரும்ப ஒறங்குதேன். உங்க அண்ணனுக்குத்தான் வீடு வெறிச்சுன்னு இருக்காம்."

7

ஆகஸ்ட் முதல் வாரம் நானும் மதுவும் குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் ஒரு லாட்ஜில் போய் இறங்கினோம். ஜெர்மனியிலிருந்தே போனில் பேசி வைத்திருந்த அறை. மாலையில் மதினியைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. நல்ல சாரல். வரவேற்பு மேசைக்குப் பின்னால் அறுபது வயதுக்காரர் ஒருவர் கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். என் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"தென்காசியாம்மா?"

"ஆமா அண்ணாச்சி."

"லோக்கல் ஆதாருக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிருக்காரே. போன்லயே சொல்லிருக்கலாம்லா?"

"எங்கிட்ட ஆதார் இல்ல அண்ணாச்சி" என்று சொல்லி இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்து வைத்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு இந்தச் சிவப்பு அட்டை போட்ட ஜெர்மன் பாஸ்போர்ட்டை வாங்கி நாலு வருடமாகிறது. விமான நிலையத்தில் காட்டியிருக்கிறேன், வங்கியில் காட்டியிருக்கிறேன். குற்றாலத்தில் காட்டுவது அதுதான் முதல் தடவை.

"ஓ, ஃபாரினரா? அதுக்கு ஃபாரம் வேற" என்று கீழே குனிந்து தேடி ஒரு தாளை எடுத்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். "பொறந்த எடம் தென்காசின்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இங்கன பொறந்துட்டு இங்கனயே ஃபாரின் ஃபாரம் எழுதுதியளே. வீட்டுல யாரும் இல்லியா?"

"எல்லாரும் இருக்காங்க அண்ணாச்சி. எங்க மைனிக்கு இந்த வருசம் லீவு."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், மதுவைப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்கிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்டுல இப்போ பதினாலு பேரு கெடக்காங்க" என்றார். "எல்லாம் எந்தங்கச்சி வீட்டு ஆளுக. இங்க ஒரு ரூமு ஒதுக்கிக் குடுக்கலாம். சொந்தக்காரங்கள லாட்ஜில வைக்கதுக்கு மனசு வரணும்லா?"

"உங்க வீட்டம்மாகிட்ட கேட்டீங்களா அண்ணாச்சி?"

அவர் தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். போட்டேன். பின்னால் இருந்த பலகையிலிருந்து சாவியை எடுத்து மதுவின் கையில் கொடுத்தார்.

"ரெண்டாம் மாடி. சுடுதண்ணி காலைல ஆறுலருந்து எட்டு வரைக்கும்தான் வரும்" என்றார்.